கேட்கத் தெரிந்த தெருக்கள்

2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டவில்லை. தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. வண்டிக்குள் ஏறத்தாழ 800 பயணிகள். சுற்றிலும் தண்ணீர், போக வழியில்லை. ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் வந்து சேர்வதற்கு முன்பே பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்களிடம் இருந்த அரிசியையும் பருப்பையும் போட்டுச் சமைத்துக் கொண்டுவந்து பரிமாறினார்கள். அவர்கள் ஊரையும் அதே மழைதான் அடித்திருந்தது.

2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது சென்னையிலும் இதுவே நடந்தது. அதுவரை பெயர்கூடத் தெரியாத மேல்மாடிக்காரர் கதவைத் திறந்துவிட்டார். பள்ளிவாசல்களிலும் கல்யாண மண்டபங்களிலும் அண்டா அண்டாவாகச் சோறு வடித்தார்கள். ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் ‘மனிதநேயம் இன்னும் சாகவில்லை’ என்று ஒரு வாரம் எழுதுகிறோம், பிறகு மறந்துவிடுகிறோம். இந்தக் கட்டுரையின் அக்கறை தண்ணீர் வடிந்த பிறகு வரும் நாட்களைப் பற்றியது. எந்த ஆபத்தும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில் அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் என்ன செய்துகொள்கிறார்கள்? அது எதனால் தழைக்கிறது, எதனால் வாடுகிறது? யாரை உள்ளே விடுகிறது, யாரை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறது? சமூகவியலாளர்கள் முக்கால் நூற்றாண்டாக இதை ஆராய்ந்து வருகிறார்கள். நம் வீட்டு வழக்கங்களிலும் விடைகள் நிறையக் கிடக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: அண்டை உறவின் முதல் அடி கேட்பது. கொடுப்பது அதற்குப் பின்னால் வருகிறது. கேட்க முடியாமல் போன இடத்தில் எவ்வளவு நல்ல மனம் இருந்தாலும் உறவு முளைப்பதில்லை.

முதலில், இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே பகுதியைப் பூகம்பம் தாக்கியபோது, இடிபாடுகளிலிருந்து உயிரோடு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோரைத் தூக்கியது குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். தீயணைப்புப் படையும் ராணுவமும் மீட்டவர்கள் அவர்களைவிடக் குறைவு. அவாஜி தீவின் ஹொகுடான் ஊரில், எந்த வீட்டுப் பாட்டி எந்த அறையில் படுப்பார் என்பதுவரை பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்திருந்தது. நேராக அந்த இடத்தில் தோண்டினார்கள். அன்று மாலைக்குள் எல்லோரையும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதே ஆண்டு ஜூலையில் சிகாகோ நகரத்தை வெப்ப அலை வாட்டியது. ஒரே வாரத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 739 பேர் இறந்தார்கள். இதை ஆராய்ந்த எரிக் கிளைனன்பெர்க், அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். வடக்கு லாண்டேல், தெற்கு லாண்டேல். இரண்டிலும் ஏழைகள், தனியாக வாழும் முதியவர்களும் இரண்டிலும் ஏராளம். ஆனால் வடக்கில் லட்சத்துக்கு 40 பேர் இறந்தார்கள், தெற்கில் லட்சத்துக்கு 4 பேர். தெற்கின் தெருக்களில் கடைகள் இருந்தன, நடமாட்டம் இருந்தது, முதியவர்கள் இறங்கி நடக்கப் பயப்படவில்லை. வடக்கில் ஆலைகள் மூடி, கடைகள் மூடி, காலி மனைகளுக்கு நடுவே மக்கள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார்கள். கதவைத் தட்ட ஆளில்லாதவர்கள் உள்ளேயே வெந்து செத்தார்கள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆணைக்குழு 2025இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்றும், தனிமையோடு தொடர்புடைய சாவுகள் ஆண்டுக்கு 8,71,000 என்றும் மதிப்பிடுகிறது. ஜப்பானில் 2024ஆம் ஆண்டில் மட்டும் 76,020 பேர் தனியாக வீட்டுக்குள் இறந்து கிடந்ததாக அந்நாட்டுக் காவல்துறை கணக்குச் சொன்னது. அது எங்கோ நடப்பது என்று இருந்துவிட முடியாது. தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 2021 மதிப்பீட்டின்படி நூற்றுக்கு 13.6 பேர், கேரளத்துக்கு அடுத்த இடம். பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் டல்லஸிலும் இருக்கிறார்கள். காலையில் பால் பாக்கெட் எடுக்கப்படாமல் வாசலிலேயே கிடப்பதைக் கவனிக்கப்போவது எதிர்வீட்டுக்காரர்தான்.

சாதாரண நாளில் இந்த உறவு எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் வீட்டிலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். நாங்கள் குடியிருந்தது ஒரே கூடத்தைச் சுற்றி நாலு குடித்தனம் இருந்த வீடு. உறைமோர் புளித்துக் கெட்டுப்போகிற நாட்களில் அம்மா என் கையில் சின்ன எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்து அடுத்த போர்ஷனுக்கு அனுப்புவாள். “அத்தை, அம்மா ஒரு கரண்டி உறைமோர் வாங்கிட்டு வரச் சொன்னாங்க.” அத்தை மோரை எடுத்து வருவதற்குள் அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, ஊரிலிருந்து அப்பாவின் மணியார்டர் வந்ததா என்பதையெல்லாம் விசாரித்து முடித்துவிடுவார். விளக்கு வைத்த பிறகு தயிர், மோர், உப்பு, ஊசி எதுவும் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்பதால் சூரியன் மறைவதற்குள் ஓட வேண்டும். மூன்று மாதம் கழித்து அத்தை வீட்டு உறைமோர் கெட்டுப்போகும், அதே டம்ளர் எதிர்த்திசையில் வரும். அவர்கள் தயிர் எங்கள் மோரில் தோய்ந்தது, எங்கள் தயிர் அவர்கள் மோரில் தோய்ந்தது. யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்று எந்தக் கணக்குப்பிள்ளையாலும் சொல்லியிருக்க முடியாது.

இப்படிப் பட்டியல் போட ஆரம்பித்தால் முடியாது. கொஞ்சம் கறிவேப்பிலை, இஞ்சித் துண்டு. ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போகிற சாவி. ஆள் இல்லாத நேரத்தில் வரும் கேஸ் சிலிண்டரை வாங்கி வைப்பது. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பிள்ளையை அம்மா வரும்வரை உட்காரவைத்து முறுக்குக் கொடுப்பது. மாதக் கடைசியில் ஐந்நூறு ரூபாய் கைமாற்று. மொட்டைமாடியில் காயும் வடாத்தையும் மிளகாயையும் தூறல் விழுந்ததும் யார் வீட்டுடையது என்று பார்க்காமல் அள்ளிக் கொண்டுவருவது. நோன்புக் கஞ்சி, கொலுச் சுண்டல், கிறிஸ்துமஸ் கேக் என்று ஆண்டு முழுக்க வாசல் மாறும் கிண்ணங்கள். அந்தக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்றொரு வழக்கம் உண்டு. வீட்டில் ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு கைப்பிடிச் சர்க்கரையாவது போட்டு அனுப்புவார்கள். அது உடனே நடப்பதில்லை. இரண்டு நாள், நாலு நாள் கிண்ணம் இங்கேயே இருக்கும், பிறகுதான் போகும். கொடையைப் பற்றி 1925இல் புகழ்பெற்ற ஆய்வை எழுதிய பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ், கொடுப்பதும் பெறுவதும் திருப்பித் தருவதும் மூன்றுமே கடமைகள் என்றார். பெற மறுப்பது உறவை மறுப்பது என்று அவர் சொன்னதை நம் கிண்ணங்கள் நன்றாக அறியும்.

சாவு வீட்டில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். பிணம் எடுக்கும்வரை அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. பல ஊர்களில் அதற்குப் பிறகும் சில நாள் சாப்பாடு உறவினர் வீட்டிலிருந்தும் பக்கத்து வீட்டிலிருந்தும்தான் வர வேண்டும். இந்த வழக்கத்துக்குச் சடங்குக் காரணங்கள் சொல்வார்கள். எனக்கு அதன் வேலை வேறாகத் தெரிகிறது. துக்கத்தில் இருக்கிறவர்கள் யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் தெம்பிருக்காது. அடுப்பு மூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டால் அவர்கள் பெற்றுக்கொள்ளத்தான் வேண்டும், மற்றவர்கள் கொண்டுவரத்தான் வேண்டும். கேட்காமலே கேட்க வைத்த ஏற்பாடு அது. மொய் இதிலிருந்து வேறுபட்டது. புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்துகளில் வரவு ரூபாய் சுத்தமாக நோட்டில் ஏறும், திருப்பிச் செய்யாவிட்டால் பேச்சு வரும். அதுவும் உதவிதான், அவசரத்துக்குக் கைகொடுக்கிற உதவி. ஆனால் எழுதிவைத்த கடனுக்கும் எழுதாத கடனுக்கும் நடுவில் நம்பிக்கையின் அளவு மாறிவிடுகிறது.

உலகில் எங்கு போனாலும் மனிதர்கள் இப்படித்தானா? நிக் என்ஃபீல்டும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் ஐந்து கண்டங்களில், ஈக்வடார், கானா, லாவோஸ், ஆஸ்திரேலியப் பழங்குடி ஊர், இத்தாலி, போலந்து என்று பல இடங்களில், வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் நடக்கும் சாதாரணப் பேச்சைப் படம்பிடித்து எண்ணினார்கள். 2023இல் வெளியான முடிவு: ‘அதை எடு’, ‘இதைப் பிடி’ என்பதுபோன்ற சிறு கோரிக்கை சராசரியாக இரண்டே கால் நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. மறுப்பதைப்போல் ஏழு மடங்கு தடவை செய்து கொடுக்கிறார்கள். மறுப்பவர் காரணம் சொல்கிறார், செய்து கொடுப்பவர் காரணம் சொல்வதில்லை. செய்து கொடுப்பதுதான் இயல்பு என்று எல்லா இடத்திலும் எடுத்துக்கொள்கிறார்கள். அதே குழு 2018இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், உதவி கிடைத்த தருணங்களில் நன்றி சொன்னது நூற்றுக்கு ஐந்தாறு முறைதான். நம் ஊரில் பக்கத்து வீட்டு அக்காவிடம் கறிவேப்பிலை வாங்கிவிட்டு ‘நன்றி’ என்று சொன்னால் அவர் முகம் மாறிவிடும் என்பது நமக்கு எப்போதும் தெரிந்ததுதான். இது நம் பண்பாட்டுக் குறை என்று ஆங்கிலப் பள்ளிகள் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்திருக்கின்றன. குறையே இல்லை என்று இந்த ஆய்வு காட்டுகிறது.

கேட்டால் கிடைக்கும் என்றால் ஏன் கேட்பதில்லை? 2008இல் பிராங்க் ஃபிளின்னும் வனெசா போன்ஸும் நடத்திய சோதனை இதற்கு நேரான விடை. அறிமுகமில்லாதவர்களிடம் செல்போனைக் கொஞ்ச நேரம் கேட்டு வாங்க வேண்டும். மூன்று பேர் சம்மதிப்பதற்கு எத்தனை பேரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது, பத்துப் பேரிடமாவது என்றார்கள். உண்மையில் ஆறு பேரிடம் கேட்டாலே போதுமானதாக இருந்தது. ஸுவான் ஜாவும் நிக்கொலஸ் எப்லியும் 2022இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது: உதவி கேட்பவர், ‘அவருக்குத் தொந்தரவாக இருக்கும்’ என்று நினைக்கிற அளவுக்கு உதவி செய்கிறவருக்குத் தொந்தரவாக இருப்பதில்லை. அவர் மகிழ்ச்சியாகத்தான் செய்கிறார், கேட்பவர் ஊகிப்பதைவிடக் கூடுதலாகவே. மேற்கத்திய நகரங்களில் நடந்த சோதனைகள் இவை, எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் நம் அடுக்குமாடிகளில் நான் பார்ப்பதோடு இது ஒத்துப்போகிறது. ‘எதுக்கு வீணா அவங்களத் தொந்தரவு பண்ணணும்’ என்பதுதான் அங்கே அடிக்கடி காதில் விழும் வாக்கியம். மரியாதையாகச் சொல்லப்படுகிறது, ஆனால் உறவை வெட்டுவதில் வசவைவிடக் கூர்மையானது.

பணம் வந்தால் கேட்க வேண்டிய தேவை குறையும். அது நல்லதுதான். ஐந்நூறு ரூபாய்க்காகக் கூனிக் குறுகி நிற்க வேண்டிய நிலை எவருக்கும் வேண்டாம். ஆனால் சமீப ஆண்டுகளில் நடந்திருப்பது அதற்கும் மேலே. பத்து நிமிடத்தில் வெங்காயம் கொண்டுவரும் செயலிகள் நகரத்துச் சமையலறைக்கும் பக்கத்து வீட்டுச் சமையலறைக்கும் இடையில் இருந்த கடைசி வழியையும் அடைத்துவிட்டன. ஒரு மூடி எலுமிச்சைக்காக ஒரு இளைஞன் வண்டியை விரட்டிக்கொண்டு வருகிறான், மூன்றடி தள்ளி இருக்கும் கதவு தட்டப்படுவதில்லை. குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் இருநூறு பேர் இருப்பார்கள். அதில் வருவது பார்க்கிங் புகாரும் பராமரிப்புக் கட்டணமும் ‘குட் மார்னிங்’ படங்களும். ரத்தம் வேண்டும் என்றால் அந்தக் குழு உடனே உதவும், அதையும் சொல்ல வேண்டும். பெரிய அவசரத்துக்குக் கேட்கத் தயங்காத நாம் சின்னத் தேவைக்குத் தயங்குகிறோம். ஆனால் சின்னது கேட்டுப் பழகாத வீட்டில் பெரியது கேட்கும் நாள் வரும்போது எந்தக் கதவு என்று தெரியாமல் போகிறது.

இதை மனிதர்களின் குணத்தின் மேல் மட்டும் போட்டுவிடக் கூடாது. இடம் பேசுகிறது. லியோன் ஃபெஸ்டிங்கரும் வேறு இருவரும் 1950இல் வெளியிட்ட ஆய்வு, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர் குடியிருப்பைப் பற்றியது. வீடு ஒதுக்கியதில் விருப்பத்துக்கு இடமில்லை. ஆனாலும் அடுத்த வீட்டாரை நெருங்கிய நண்பர் என்று சொன்னவர்கள் 41 விழுக்காடு, ஒரு வீடு தள்ளி இருந்தால் 22, அதே மாடியின் மறுகோடியில் இருந்தால் 10. மாடிப்படிக்கும் தபால் பெட்டிக்கும் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு மற்றவர்களைவிட நண்பர்கள் அதிகம். டொனால்ட் ஆப்பிள்யார்ட் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். ஒரு நாளைக்கு 2,000 வண்டி போகும் தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள், 16,000 வண்டி போகும் தெருவில் ஒருவர்கூடத் தேறவில்லை. சென்னையின் உட்புறத் தெருக்களில் இரண்டு பக்கமும் கார் நிறுத்தி, நடுவில் பைக்குகள் பறக்கும்போது, எதிர்வீட்டுக்குக் கடந்து போவதே ஒரு காரியமாகிவிட்டது என்பதை இந்த எண்களோடு சேர்த்து நினைத்துப் பார்க்கலாம்.

திண்ணையைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. அது போனதைவிட அதன் இடத்துக்கு எதுவும் வராததுதான் கவலைக்குரியது. தெருவில் இன்னும் மிச்சமிருக்கும் இணைப்புகள் இரண்டு: அண்ணாச்சி கடை, இஸ்திரி வண்டி. மரத்தடியில் வண்டி நிறுத்தியிருக்கும் இஸ்திரிக்காரருக்கு எந்த வீட்டில் ஆள் ஊருக்குப் போயிருக்கிறார்கள், எந்த வீட்டில் புது மருமகள் வந்திருக்கிறாள் என்பது தெரியும். சாவியும் அவரிடம் இருக்கும். ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் எழுதிய நகரங்களைப் பற்றிய நூலில், நியூயார்க்கில் தன் தெருக்காரர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும் கடைக்காரரைப் பற்றி விரிவாகச் சொல்கிறார். அந்தக் கடைக்காரர் எல்லோருக்கும் வேண்டியவர், ஆனால் யார் வீட்டு விஷயத்திலும் தலையிடாதவர். அந்த இடைவெளிதான் நம்பிக்கையைக் காக்கிறது என்பது ஜேக்கப்ஸின் கணிப்பு. சாலையோரக் கடைகளை ‘ஆக்கிரமிப்பு’ என்று அப்புறப்படுத்தும்போது இந்தச் சாவிகள் எங்கே போகும் என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை.

சிங்கப்பூர் இதில் யோசித்துச் செயல்பட்ட நாடு. மக்களில் முக்கால்வாசிக்கும் மேல் அரசுக் குடியிருப்பு அடுக்குகளில் வாழ்கிறார்கள். பல அடுக்குகளின் கீழ்த்தளத்தை வீடில்லாமல் திறந்த வெளியாக விட்டிருக்கிறார்கள். மலாய்க் கல்யாணமும் சீனர் இழவும் அங்கேதான் நடக்கும், முதியவர்கள் சதுரங்கம் ஆடுவதும் அங்கேதான். 1989 முதல் ஒவ்வொரு அடுக்கிலும் எந்த இனமும் குறிப்பிட்ட விகிதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி உண்டு. விதி போட்டு நட்பை உண்டாக்க முடியாது, சரி. ஆனால் சீனர் வீட்டுக்கு எதிரே தமிழர் வீடு இருந்தால்தான் தீபாவளிப் பலகாரம் கைமாற வாய்ப்பாவது இருக்கும்.

நம்மிடம் நடந்தது வேறு. கூவம், அடையாறு கரைகளில் குடிசை போட்டு இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றியபோது கொடுத்தது கான்கிரீட் வீடு. எடுத்தது, ‘அக்கா, பிள்ளைய ஒரு நிமிஷம் பாத்துக்க’ என்று சொல்லிவிட்டு வீட்டு வேலைக்குப் போக முடிந்த அந்தத் தெரு. ஒரே வரிசையில் இருந்தவர்கள் வெவ்வேறு பிளாக்கில், வெவ்வேறு மாடியில் சிதறிப்போனார்கள். வேலை இருபது கிலோமீட்டர் தள்ளிப்போனது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவும் போய்விட்டார். எத்தனையோ பெண்கள் வேலையை விட்டது இதனால்தான். வீட்டின் சதுர அடியை அளந்தவர்கள் அக்கம்பக்கத்தை அளக்கவில்லை. ஏழைக் குடும்பத்துக்கு அக்கம்பக்கம் என்பது கிரெச், வங்கி, ஆம்புலன்ஸ் மூன்றும் சேர்ந்தது. அதைத் தெரியாமல் செய்த திட்டமாக என்னால் எண்ண முடியவில்லை, பொருட்படுத்தாமல் செய்தது என்றே நினைக்கிறேன்.

இனி கசப்பான பகுதிக்கு வர வேண்டும். மேலே சொன்ன எவர்சில்வர் டம்ளர் எங்கள் தெருவின் எல்லா வாசலுக்கும் போகவில்லை. தெருக்கோடியைத் தாண்டி இருந்த குடியிருப்பிலிருந்து வருகிறவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுத்தார்கள், தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தார்கள், பழைய துணி கொடுத்தார்கள். அவர்கள் வீட்டிலிருந்து எதையும் யாரும் வாங்கவில்லை. தமிழ்நாட்டு ஊர்களில் நல்ல மனதுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. இருந்தும் ஊரும் சேரியும் தனித்தனியாகவே இருந்ததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. கீழே கொடுப்பதைச் சாதி ஒருபோதும் தடுக்கவில்லை. தடுத்தது கீழிருந்து வாங்குவதை, அவர்கள் கையால் தண்ணீர் குடிப்பதை. கொடுத்துக்கொண்டே மட்டும் இருக்கிறவர் எஜமானர், அவரை அண்டை வீட்டார் என்று சொல்ல முடியாது. ஆகவே அண்டை உறவுக்கு உரைகல் யாருக்கு என்ன கொடுத்தோம் என்பது இல்லை, யாரிடம் கேட்டோம் என்பதே.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் மாவட்டக் கடலோர ஊர்களை ஆராய்ந்த டேனியல் ஆல்ட்ரிச் 2011இல் வெளியிட்ட கட்டுரை இதையே பேரிடரில் காட்டியது. ஊர்ப் பஞ்சாயத்தும் ஒற்றுமையும் வலுவாக இருந்த மீனவக் கிராமங்களுக்கு நிவாரணம் வேகமாகவும் நிறைவாகவும் போய்ச் சேர்ந்தது. அதே ஊர் ஒற்றுமைதான் பட்டியலில் பெயர் சேர்க்கும்போது தலித்துகளையும் ஆதரவற்ற பெண்களையும் விட்டுவிட்டது. நெருக்கம் அதிகமான இடத்தில் வேலியும் உயரமாக இருந்தது. நகரத்தில் வேலி வேறு உருவம் எடுக்கிறது. சுகதேவ் தோரட்டும் குழுவினரும் டெல்லி வட்டாரத்தில் வாடகை வீடு தேடிச் சோதித்து 2015இல் எழுதினார்கள்: மேல்சாதிப் பெயருக்குத் திறந்த கதவுகள் தலித் பெயருக்குச் சுருங்கின, முஸ்லிம் பெயருக்கு இன்னும் சுருங்கின. சென்னையில் ‘சைவம் மட்டும்’ என்று தொங்கும் டு-லெட் பலகைக்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனி லிஃப்ட் என்று விதி எழுதும் குடியிருப்புச் சங்கங்கள் ‘நல்ல நெய்பர்ஹுட்’ என்ற பேச்சையே விட்டுவிடட்டும்.

இந்த வேலியை உடைக்க அரசு எடுத்த முயற்சிகளில் சமத்துவபுரம் முக்கியமானது. முதல் சமத்துவபுரம் 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. நூறு வீட்டில் 40 தலித்துகளுக்கு, பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் 25, 25, மற்றவர்களுக்கு 10. ஒரு சாதிக்குப் பக்கத்தில் இன்னொரு சாதி என்று கலந்து ஒதுக்கினார்கள், சுடுகாடும் பொது. மாநிலம் முழுக்க இருநூறுக்கும் மேல் கட்டப்பட்டன. பலவற்றில் வீடுகள் பழுதாகி, சிலர் விற்றுவிட்டுப் போய், ஆரம்ப எண்ணம் நீர்த்துப்போனது உண்மை. ஆனாலும், யாருக்குப் பக்கத்தில் யார் என்பதை அரசு கையில் எடுத்துத் திட்டமிட்ட செயலாக அது என் மதிப்பில் உயர்ந்தே நிற்கிறது.

அன்றாட நட்பு எவ்வளவு தூரம் தாங்கும்? 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடியபோது, பல சிங்களக் குடும்பங்கள் பக்கத்து வீட்டுத் தமிழர்களைத் தங்கள் வீட்டுக்குள் ஒளித்துக் காப்பாற்றின. உயிரைப் பணயம் வைத்த காரியம் அது. அப்படிக் காப்பாற்றப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்று உலகமெங்கும் இருக்கிறார்கள். ஆனால் அந்த நட்புகளால் கும்பலைத் தடுக்க முடியவில்லை. அசுதோஷ் வார்ஷ்ணே 2002இல் வெளியிட்ட நூலில் இதற்கான விளக்கம் கிடைக்கிறது. அமைதியாக இருந்த கோழிக்கோட்டையும் கலவரம் வெடித்த அலிகாரையும் போல, மூன்று சோடி இந்திய நகரங்களை அவர் ஒப்பிட்டார். கிராமத்தில் வீட்டுக்கு வீடு பழக்கம் போதுமானதாக இருக்கலாம். நகரத்தில் அது போதாது. வியாபாரிகள் சங்கம், தொழிற்சங்கம், வாசகசாலை போன்ற இரு தரப்பும் சேர்ந்து நடத்தும் அமைப்புகள் இருந்த ஊர்களில்தான் வதந்தியை அடக்க முடிந்தது. அண்டை வீட்டு அன்பைப் பற்றி நெகிழ்ந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த முடிவோடு மல்லுக்கட்ட வேண்டும். தனித்தனிக் கதவுகளுக்கு இடையிலான அன்பு உயிரைக் காக்கலாம், ஊரைக் காக்க அமைப்பு வேண்டும்.

கேரளம் அந்த அமைப்பைக் கட்டிக் காட்டியிருக்கிறது. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அடித்தளம் அயல்கூட்டம், பத்து முதல் இருபது அண்டை வீட்டுப் பெண்கள் சேர்ந்த குழு. இன்று 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இருக்கிறார்கள். மலப்புறம் பகுதியில் வளர்ந்த அயல்பக்க வலி நிவாரணச் சேவையில், படுத்த படுக்கையாக இருப்பவர்களை அதே ஊர்த் தன்னார்வலர்கள் முறைபோட்டுப் போய்ப் பார்த்துப் புண் துடைத்து, பேசிவிட்டு வருகிறார்கள். அந்த அனுபவத்தின் மேல்தான் 2008இல் கேரள அரசு தனிக் கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டிலும் 1989இல் தர்மபுரியில் விதைத்த மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஆலமரமாக வளர்ந்துள்ளன. ஆனால் அவற்றைக் கடன் கொடுக்கும் வாயிலாக மட்டுமே வைத்துக்கொண்டோம். முதியவரை எட்டிப்பார்க்கும் வேலையையும் அவற்றோடு இணைத்து, அதற்கு ஊதியமும் கொடுத்திருக்கலாம். ஊதியம் என்று அழுத்திச் சொல்கிறேன். அண்டை உறவின் பாரத்தைக் காலங்காலமாகப் பெண்கள்தான் கூலியில்லாமல் சுமந்து வந்திருக்கிறார்கள். ஆண்கள் வேலைக்குப் போய்விட்டு வந்து, தெரு நல்ல தெரு என்று சொல்லிக்கொண்டார்கள். பெண்களும் வேலைக்குப் போகத் தொடங்கியதால் தெரு மாறிவிட்டது என்று குறைப்படுகிறவர்கள், மாலையில் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மருந்து வாங்கித் தரும் வேலையைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம்.

அதே பெண்களுக்குத்தான் அக்கம்பக்கத்தின் கண் சுமையாகவும் இருந்தது. யார் எத்தனை மணிக்கு வந்தாள், யாரோடு வந்தாள் என்று பேசும் தெருவைச் சங்க இலக்கியமே அம்பல் என்றும் அலர் என்றும் அறிந்திருந்தது. அதே சங்க இலக்கியத்தின் குறுந்தொகையில் நல்ல செய்தி சொன்ன அயல்வீட்டுக்காரிக்கு வாழ்த்தும் இருக்கிறது. வேற்றூரிலிருந்து நகரத்துக்கு வந்து தனியாக அறையெடுத்துத் தங்கும் இளம்பெண் கதவைச் சாத்திக்கொள்வது ஆணவத்தால் இல்லை. அவளை விசாரணை செய்யாமல் ‘கேஸ் தீர்ந்துட்டா சொல்லும்மா’ என்று மட்டும் சொல்லத் தெரிந்த அக்கம்பக்கத்தைத்தான் நாம் இனி உண்டாக்க வேண்டியிருக்கிறது. திருப்பூரிலும் அம்பத்தூரிலும் ஒரே அறையில் எட்டுப் பேராகத் தங்கியிருக்கும் பீகார், ஒடிசா இளைஞர்கள் விஷயத்திலும் இதுவேதான். அவர்களிடம் வேலை வாங்குகிறோம். அவர்களிடம் ஒரு தீப்பெட்டி கேட்டவர் எத்தனை பேர்?

அதனால் என் வேண்டுகோள்கள் எளியவை. வீட்டு வசதித் திட்டங்களை வகுக்கிறவர்கள் ஒரே தெருவில் வாழ்ந்தவர்களுக்கு ஒரே பிளாக்கில் வீடு ஒதுக்கட்டும். குடியேற்றுவதற்கு முன்பே, யார் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அடுக்குமாடிக்கு அனுமதி கொடுக்கும்போது கார் நிறுத்த இடம் கேட்பதுபோல், உட்கார்ந்து பேசவும் இழவு வீட்டுக்குப் பந்தல் போடவும் கீழே ஓர் இடம் கேட்கட்டும். குடியிருப்புச் சங்கங்கள் தனி லிஃப்ட் விதியை இந்த மாதமே நீக்கட்டும். வாசகருக்குச் சொல்ல இருப்பது இது: இந்த வாரம் பக்கத்துக் கதவைத் தட்டி ஏதாவது ஒரு சிறு பொருளைக் கேளுங்கள். வீட்டில் அது இருந்தாலும் கேளுங்கள். இதுவரை நீங்கள் எதையாவது கொடுத்து மட்டுமே பழகிய வீடு ஒன்று இருந்தால், அங்கே போய் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடியுங்கள்.